டீக்கடை பெஞ்சில் மூன்று பெண்கள்

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். வீடு புதுக்கோட்டையில். சாயங்காலம் பள்ளி விட்டதும் மெயின்ரோட்டுக்கு வந்து டவுன் பஸ்ஸுக்காக நிற்பேன். பஸ் வருவதற்கு ஒரு நேரம் உண்டு, அது எங்களுக்குத் தெரியும், பஸ்ஸுக்குத்தான் தெரியாது. ஆகவே நிற்பதை என் இரண்டாவது உத்தியோகம் என்றே சொல்லலாம்.

நிற்கிற இடம் ஒரு புளியமரத்தடி. அதற்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் நீளமாக ஒரு மரப்பெஞ்சு. அதில் ஆண்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள், ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள், நாட்டை யார் ஆளலாம் என்று முடிவு செய்வார்கள். நாங்கள் இந்தப் பக்கம் நின்றபடி பஸ் வரும் திசையைப் பார்ப்போம். பெண்கள் அங்கே உட்காரக்கூடாது என்று எவரும் போர்டு மாட்டவில்லை. மாட்டியிருந்தால் என்றைக்கோ சண்டை போட்டிருப்போம். போர்டே இல்லாததால் யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை.

என்னோடு தினமும் நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்சம்மா. இன்னொருவர் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் கொட்டகையில் வேலை செய்யும் அக்கா. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய விரல்நுனிகள் கறுத்திருக்கும். மூன்று பேருக்கும் பஸ் ஒன்று, நிழல் ஒன்று. அதைத் தவிர வேறு ஒற்றுமை எதுவும் அப்போது இல்லை.

எல்லாம் நர்சம்மாவின் முழங்காலில் இருந்துதான் கிளம்பியது. ஐப்பசி மழை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. புளியமரம் ஒழுக ஆரம்பித்ததும் மூவரும் ரோட்டைத் தாண்டி டீக்கடைக் கொட்டகைக்குள் ஓடினோம். வழக்கமாக மழைக்கு ஒதுங்கினால் ஓரமாகச் சுவரை ஒட்டி நிற்போம். நர்சம்மா நேராகப் பெஞ்சுக்குப் போனார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எனக்குக் காலு வலிக்குது" என்றார்.

யாரும் தள்ளி உட்காரவில்லை. மொத்தப் பெஞ்சும் எழுந்துவிட்டது, தேசிய கீதம் போட்டதுபோல. எழுந்தவர்களுக்குக் கொட்டகையில் நிற்க இடம் போதவில்லை. பாதிப்பேர் மழையிலேயே நின்றார்கள். மரியாதைக்காக எழுந்தார்களா, பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு எழுந்தார்களா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

கடைக்காரர் பதறிப்போய், பார்சல் கட்டிவிடவா என்று கேட்டார். கிளாஸிலேயே கொடுங்கள் என்றேன். என் குரல் எனக்கே வகுப்பில் பேசுவதுபோலக் கேட்டது.

மழையில் நின்றவர்களில் ஒருவர் பணி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பெஞ்சின் வலது முனை அவருக்கு ஏறக்குறைய பட்டா போட்ட இடம். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே, "பஸ்ஸுலதான் பொம்பளைங்களுக்கு ஓசி. இப்ப பெஞ்சும் ஓசியா?" என்றார்.

"பெஞ்சுக்கும் டிக்கெட் கிழிங்கண்ணே, வாங்கிக்கிறோம்" என்றார் நர்சம்மா.

சிலர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரிக்கத்தான் பார்த்தார், மழை வாய்க்குள் போனதால் முடியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், முந்திரிக் கொட்டகை அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது. உட்காரச் சொன்னேன். அவர் குனிந்து என் காதோரம் சொன்னார்:

"நீங்க டீச்சரு, அவங்க நர்சு. நீங்க உக்காந்தா ஒரு படி தாண்டுன மாதிரி. எங்க அய்யா காலத்துல எங்க தெரு ஆம்பளைங்களே இங்க உக்கார முடியாது. நான் உக்காந்தா ரெண்டு படியில்ல?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்து உதறினார். "ரெண்டும் ஒரே எட்டுல முடிஞ்சா நல்லதுதான்" என்று எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் மூன்று கிளாஸ்களையும் ஒரே தட்டில் கொண்டுவந்து நீட்டினார். டீ எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அத்தனை பேர் பார்க்கும்போது எதற்கும் ருசி தெரிவதில்லை.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பஸ்ஸைவிட எங்கள் ஊர்ச் செய்தி சரியான நேரத்துக்கு ஓடும். என் கணவர் டிவியைப் பார்த்தபடி, அங்கிட்டு நல்ல மழையாமே என்று ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். ஒதுங்க வேறு இடம் இல்லையா என்றார். கிடைத்த இடத்தில் ஒதுங்கினோம் என்றேன். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம வீட்டுலயே நல்லாத்தானே டீ போடுற?"

"போடுறேன். எனக்கு இன்னொருத்தர் போட்டுக் குடுத்தா எப்படியிருக்கும்னு பாக்கப் போனேன்" என்றேன்.

மறுநாள் காலையில் அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு எழுந்தேன். என் கணவர் டீ போட்டிருந்தார், இஞ்சியை அள்ளிப் போட்டு. கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரம். முழுசாகக் குடித்தேன்.

அந்த வாரம் பத்தாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம். வருஷா வருஷம் எடுக்கிற பாடம்தான். சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். திரும்பினால் வகுப்பே சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள்: "மிஸ், ஒருத்தர் வந்து உக்காரும்போது மத்தவங்க எல்லாரும் எந்திருச்சுப் போயிட்டா, அது சமத்துவமா?"

"இல்ல, அது காலி பெஞ்சு" என்றேன். அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் உடைந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. எங்களுக்கு உட்கார இடம் கிடைத்ததே தவிர, கூட உட்கார ஆள் கிடைக்கவில்லை. உட்காருவதற்கு ஒருத்தர் மனசு வைத்தால் போதும். சேர்ந்து உட்கார எதிராளியும் மனசு வைக்கவேண்டும். புத்தகத்தில் சுதந்திரம், சமத்துவம் என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள், நடுவில் ஒரு கமா மட்டும்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகக் கடைக்காரர் நினைத்தார். தீபாவளி கழிந்து நாங்கள் போனபோது கடையின் பக்கவாட்டில் ஒரு புதுப் பெஞ்சு. சுற்றிலும் நாற்றங்காலுக்குக் கட்டுகிற பச்சை வலை. மேலே பலகையில் "மகளிர் மட்டும்" என்று பெயிண்டில் எழுதி, பூ வரைந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் குறை சொல்ல மனசு வராது. நர்சம்மாவுக்குச் சந்தோஷம், அவருடைய முழங்காலுக்கு எந்தப் பெஞ்சும் பெஞ்சுதான். எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. யாரும் எழ வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம்.

முந்திரிக் கொட்டகை அக்கா வலையை விலக்கித் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தார். அடுப்பின் புகை முழுக்க அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

"பகலெல்லாம் பொகையிலதான் கெடக்குறேன். இங்கயும் பொகைதானா? காத்து முன்னாடியில்ல வருது" என்று சொல்லிவிட்டு நேரே போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தார்.

மற்றவர்கள் எழுந்தார்கள். கண்டக்டர் எழவில்லை. ஒரு கையில் சூடான டீ, மறுகையில் செய்தித்தாள், எழுந்தால் ஏதாவது ஒன்று சிந்தும். அக்கா அவரிடம் ஒரு தாள் கேட்டார்.

"ஒனக்கு எதுக்கு? படிக்கத் தெரியுமா?"

"தெரியும். ஒங்கள மாதிரி கண்ணாடி இல்லாமயே படிப்பேன். ராசிபலன் பாக்கணும்."

கண்டக்டர் தாளைக் கொடுக்காமல், என்ன ராசி என்று கேட்டார். மகரம் என்றார் அக்கா. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்கிற அதே குரலில் படித்தார்: "மகரம். பயணங்களில் தாமதம் ஏற்படும்."

புளியமரத்தடி வரைக்கும் சிரிப்புக் கேட்டது. எழுந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் ராசியைக் கேட்பதற்காகத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். நர்சம்மாவும் நானும் பச்சை வலையை விட்டு வெளியே வந்தோம்.

அதற்குப் பிறகு பெரிய மாற்றம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள் எழுந்தார்கள், சில நாட்கள் எழவில்லை. கார்த்திகைக்குள் எழுவது அலுத்துப்போய்விட்டது. என்னிடம் எப்போதும் "நீங்க" என்று பேசும் கண்டக்டர் அக்காவிடம் "நீ" என்றுதான் பேசுவார். ஒருநாள் விலைவாசி பற்றிய வாக்குவாதத்தில், "நீங்க சொல்றது தப்பு" என்று அக்காவிடம் கண்டக்டர் கத்தினார். கத்தியதில்தான் மரியாதை வந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பச்சை வலைக்குள் கடைக்காரர் வாழைத்தார் தொங்கவிட ஆரம்பித்தார். பலகையைக் கழற்ற அவருக்கு மனசில்லை. மகளிர் மட்டும் என்ற பலகைக்குக் கீழே ரொம்ப நாள் பூவன்தார்தான் பழுத்துக்கொண்டிருந்தது.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் கண்டக்டர் தன் மனைவியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறார்கள். அந்த அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் களைப்பு. வீட்டுக்கு இன்னும் நடக்க வேண்டும். கண்டக்டர் ரோட்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்து அழைத்து வந்து, தான் எப்போதும் உட்காரும் வலது முனையில் உட்கார வைத்தார். அந்த அம்மாவுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கடையைச் சுற்றிலும் பார்த்தார். அடுப்பு, பாய்லர், பன் பாட்டில், வாழைத்தார், செய்தித்தாள் என்று எதையும் விடவில்லை.

"தெனமும் இங்கதான் வந்து உக்காருவீங்களா?" என்று கேட்டார்.

கண்டக்டர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த அம்மா இன்னொரு வாய் குடித்தார். "இந்தத் தண்ணியக் குடிக்கவா?"

கடைக்காரர் உட்பட எல்லா ஆண்களும் ஏதாவது ஒரு வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணில் அரிப்பு இருக்கிறதா என்று அந்த அம்மாவை விசாரித்தார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தபோது எங்கள் பஸ் வந்தது. நர்சம்மாவும் நானும் ஏறினோம். அக்கா அடுத்த பஸ்ஸில் வருவதாகக் கையைக் காட்டினார். பஸ் நகரும்போது அந்த அம்மா கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் டிகாக்ஷன் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.