கடல்விழுங்கியும் மிளகாய் மூட்டையும்

கார்டுக் கடை வச்சிருக்கேன்னு சொன்னா, இந்தத் திருவனந்தபுரத்துல பாதிப்பேர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன்னு நினைக்கிறாங்க, மீதிப்பேர் ரம்மி கிளப் நடத்துறவன்னு நினைச்சுக் குரலைத் தாழ்த்திக்கிறாங்க.

ரெண்டும் இல்லீங்க. பூதம், யட்சி, பறக்குற குதிரைன்னு படம் போட்ட கார்டுகளைப் பாக்கெட்டா விக்கிறேன். வாங்கினவங்க பிடிச்ச கார்டுகளைச் சேர்த்து ஒரு கட்டு தயார் பண்ணி, ஞாயித்துக்கிழமை எங்க ஹால்ல போட்டி போடுவாங்க, நடுவர் நான்தான். ஆரியசாலையில அப்பாவோட மிளகாய் வத்தல் மொத்தக் கடை இருக்கு. அதுக்கு மேல் மாடிதான் ஹால். "ஞாயித்துக்கிழமை ஆள் நிறைஞ்சா உனக்கு. காலியாக் கிடந்தா என் மூட்டைக்கு"ன்னு கண்டிஷன் போட்டுத்தான் அப்பா சாவியே தந்தார். அப்பன் கட்டடத்துல தொழில் பண்ற பாவப்பட்ட ஜன்மங்களே, என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

வந்து சேர்ந்த சனியன்

ஒருநாள் புது பாக்கெட்டுல 'கடல்விழுங்கி'ன்னு ஒரு கார்டு வந்தது. அதை மேஜையில வச்சா, எதிராளி கையில இருக்கிற எல்லாக் கார்டும் போச்சு. அவ்வளவுதான். இதை யோசிச்ச மகராசன் சொந்தமா ஒரு ஆட்டமாவது ஆடிப் பார்த்தானான்னு தெரியல.

முதல்ல கிடைச்சது ஐ.டி. கம்பெனி விஷ்ணுவுக்கு. அவனுக்கு எதிர்ல உக்காந்தவர் ரமணி மாமா. கோட்டைக்குள்ள அக்ரகாரத்துல வீடு, ரிட்டயர் ஆன ஆபீசர், எங்க ஹால்லயே மூத்த ஆட்டக்காரர். கண்ணாடியைத் துடைச்சு, கார்டுகளை விசிறி மாதிரி விரிச்சு, இனி யுத்தம்தான்னு நிமிர்ந்து உக்காந்தார். விஷ்ணு கடல்விழுங்கியை வச்சான். மாமா வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டார்: "ஏன்டாப்பா, நான் விளையாட வந்தேனா, இவனை வேடிக்கை பார்க்க வந்தேனா?"

பிள்ளையார் பட்ட பாடு

கொஞ்ச நாள்ல எல்லார் கட்டுலயும் கடல்விழுங்கி. முதல்ல வைக்கிறவன் ஜெயிப்பான், அதனால முதல்ல ஆடுறவனுக்குத்தான் ஆட்டம். முதல் ஆட்டம் யாருக்குன்னு டாஸ்தான் முடிவு பண்ணும். மூளைக்கு அங்க வேலையே இல்லை. பின்ன என்ன, எல்லாரும் பழவங்காடிப் பிள்ளையார்கிட்ட போய் டாஸுக்காகத் தேங்காய் உடைக்க ஆரம்பிச்சாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில விஷ்ணுவும் ரமணி மாமாவும் அங்க நேருக்கு நேர் மாட்டிக்கிட்டாங்க, ஆளுக்கொரு தேங்காயோட. அன்னிக்கு முதல் ஆட்டமே ரெண்டு பேருக்கும்தான் விழுந்தது. நான் நாணயத்தைச் சுண்டப் போனேன், மாமா என் கையைப் பிடிச்சுட்டார்: "இருடா, ரெண்டு பேரும் உடைச்சிருக்கோம், அவர் யாருக்குப் பார்ப்பார்? நிதானமா யோசிக்கட்டும், நாம காப்பி குடிச்சுட்டு வரலாம்."

தும்மல் சட்டம்

டாஸ் பார்க்கவா ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வருவாங்க? ஆள் குறைஞ்சது. அப்பா சொன்ன சொல் தவறாதவர். ஒரு மேஜை காலியானா, அடுத்த வாரம் அந்த இடத்துல மிளகாய் மூட்டை உக்காந்திருக்கும். இந்த ஹால் போச்சுன்னா நான் கீழே கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து வத்தல் எடை போடணும், அவ்வளவுதான் என் வாழ்க்கை.

மூட்டை வந்ததும் நெடி வந்தது, தும்மலும் வந்தது. நான் டாஸ் போட்டு "விஷ்ணு முதல்ல"ன்னு சொல்ற நேரம் பார்த்து யாரோ தும்மினாங்க. எதிர்ல இருந்த நர்ஸ் ஷைலஜா சட்டுனு எழுந்துட்டாங்க, சகுனம் சரியில்லை, மறுபடி போடணும்னு. போட்டேன். மறுபடி ஒருத்தர் தும்மினார். இப்ப விஷ்ணு எழுந்தான். அந்த ஒரு டாஸ் முடியறதுக்குள்ள எனக்கே தும்மல் வந்துடுச்சு. ஷைலஜா என் முகத்துக்கு நேரா விரலை நீட்டினாங்க: "கண்டோ, பார்த்தீங்கல்ல, நடுவரே தும்மியாச்சு, இனி இந்தப் போட்டியே செல்லாது!"

கை தூக்கினவர்கள்

கார்டு போடுற கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். "கவனித்து வருகிறோம்"னு பதில். என் ஹால்ல மூட்டை ஏறுறதை அவங்க எங்கேருந்து கவனிக்கிறாங்களாம்? சரி, என் கடை, என் சட்டம்னு முடிவு பண்ணி, "கடல்விழுங்கியைத் தடை பண்ணலாமா?"ன்னு கேட்டேன். எல்லாக் கையும் மேல போச்சு. நெஞ்சு குளிர்ந்துபோய், "அப்போ இன்னியிலேருந்தே"ன்னேன். எல்லாக் கையும் கீழ வந்துடுச்சு!

போன வாரம் வரைக்கும் அந்தக் கார்டை வாய்க்கு வந்தபடி திட்டினவங்கதான் எல்லாரும். எனக்கு வந்த கோவத்துக்கு, இன்னியிலேருந்து தடைதான், பிடிச்சா வாங்க, பிடிக்கலைன்னா போங்கன்னு கத்திட்டேன். விஷ்ணு மெதுவா பக்கத்துல வந்து தோளைத் தொட்டான்: "தடை நல்லதுதான் அண்ணாச்சி, பக்ஷே நான் ஒரு கப்பு ஜெயிச்சப்புறம் போதும்."

அப்பா படியேறினார்

அடுத்த ஞாயிறு மாடிப்படி முனையில நின்னு கீழயே எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். கத்தினது தப்போ, ஒருத்தரும் வர மாட்டாங்களோன்னு ஒரே பயம். முதல்ல ரமணி மாமா வந்தார். அப்புறம் முறைச்சுக்கிட்டே விஷ்ணு, அப்புறம் ஷைலஜா, நின்னு போன பழைய ஆட்களையும் கூட்டிக்கிட்டு. உக்கார இடமில்லாம சிலபேர் மூட்டை மேலயே உக்காந்து ஆடினாங்க. ஒரு ஆட்டம் அரை மணி நேரம் இழுத்தது. மாமா தோத்துட்டு, ஜெயிச்சவரைவிட அதிகமா சிரிச்சார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, தும்மல்னு சமாளிச்சேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா மேல வந்தார், பின்னாடி தலையில மிளகாய் மூட்டையோட சுமட்டுக்காரர். இறக்கி வைக்க இடமில்லை. இவ்வளவு ஆள் எப்படிலே திரும்ப வந்ததுன்னு கேட்டார். கடல்விழுங்கி என்ன பண்ணும், நான் அதை ஏன் தடை பண்ணினேன்னு விளக்கமாச் சொன்னேன். சொன்ன சொல் மாறாம, கிடந்த மூட்டையை எல்லாம் கீழ இறக்கச் சொல்லிட்டு, என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தார்: "ஏலே, எதிராளி கையை ஒரே போடுல காலி பண்ற சரக்கு, அதைப் போய் எவனாவது நிறுத்துவானா? நீயெல்லாம் ஒரு யாவாரி மவனால?"

நடுவர் வேலையில நான் கண்டது இவ்வளவுதான்: ஆட்டத்துல நியாயம் வேணும்னு கேட்காத ஆளே கிடையாது, அது தன் முறை முடிஞ்சப்புறம் ஆரம்பிச்சாப் போதும்.