ஓவராயில் பண்ணின பல்

அருள்நாதனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. ஆனால் ‘என்ன செய்றீங்க?’ என்று யாராவது கேட்டால், ‘மாதா கோயில் பேண்டுல கிளாரினெட் வாசிக்கிறேங்க’ என்பதுதான் முதலில் வரும். ஃபிட்டர் உத்தியோகத்தைப் போனால் போகிறதென்று பின்னால் சேர்த்துக்கொள்வார். மனைவி ஜோதிக்கு இது பொறுக்காது.

“சோறு போடுறது ஸ்பானரு, பேரு மட்டும் பீப்பிக்கா?” என்பாள். பீப்பி என்ற வார்த்தைக்கு மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

கிளாரினெட்டை உதட்டால் மட்டும் ஊதிவிட முடியாது. மேல்வரிசை முன்பல் அதன் வாய்முனையில் அழுந்தி உட்கார்ந்தால்தான் நாதம் நிற்கும். போன வருஷம் அந்தப் பல்தான் கறுத்துப்போய், ஈறில் சீழ் கட்டியது. ஒர்க்‌ஷாப் நண்பர் ஒருவர் சொன்னாரென்று ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் மாறிப் போய், டாக்டர் சித்ராதேவியிடம் வாயைக் காட்டினார்.

டாக்டர் பல்லில் துளை போட்டு, மெல்லிய ஊசியால் வேருக்குள் மருந்துத் தண்ணீரைப் பீச்சினார். பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது.

“நல்லா கழுவி விடுங்க டாக்டரம்மா. துளி அழுக்கு இருக்கக் கூடாது.”

“அளவாத்தான் சார் கழுவணும். இது கிருமியைக் கொல்லும், கூடவே பல்லு உள்ளே இருக்கிற உறுதியையும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். ரொம்ப விட்டா பல்லு சுலபமா ஒடையும்.”

அளவாகக் கழுவியதில் கிருமி சாகவில்லை. பத்து நாளில் மறுபடி சீழ் கட்டி, முகம் ஒரு பக்கம் வீங்கியது. இந்த முறை டாக்டருக்கு வேறு வழி தெரியவில்லை. மருந்தைக் கூட்டி, நேரத்தையும் கூட்டிக் கழுவினார். வலி நின்றது, வீக்கம் வடிந்தது. துளையை அடைத்து, “சீக்கிரம் வந்து பல்லு மேல உறை போட்டுக்கங்க. அதுவரைக்கும் இந்தப் பல்லுல பாரமே வைக்காதீங்க” என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினார்.

சொன்னதை அவர் கேட்டிருக்கலாம். ஆனால் மனுஷன் பொன்மலைக்காரர் ஆயிற்றே! ஓடிக் களைத்த ரயில் பெட்டி உள்ளே வந்தால், பிரித்து, கழுவி, ஓவராயில் பண்ணிப் புதுசாக வெளியே அனுப்புவதைப் பார்த்தே தலை நரைத்தவர். அவர் கணக்கில் இரண்டு முறை கழுவிய பல்தான் வாயிலேயே கெட்டியான பல்.

“ரெண்டு தடவை ஓவராயில் பண்ணின பல்லுடி இது!” என்று ஜோதியிடம் பெருமையடித்துக்கொண்டார். உறை போட்டால் வாய்முனை உட்காரும் இடம் மாறிவிடும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

திருவிழாவன்று தேர் பொன்மலைத் தெருவில் திரும்பியது. மாதா பாட்டின் உச்சியில், மண்டைக்குள் ‘டிக்’கென்று ஒரு சத்தம். வாயில் உப்புக் கரித்தது. தேர் கோயிலடைகிற வரைக்கும் ஊதி முடித்துவிட்டு, கர்ச்சீப்பில் துப்பிப் பார்த்தார். ரத்தம். தன் மடத்தனம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வேர் வரைக்கும் விரிசல் விட்டிருக்கு சார். எடுத்துத்தான் ஆகணும். வேற பல்லு கட்டிக்கலாம்.”

“அதை வச்சு ஊத முடியுமாங்க?”

“சில பேர் ஊதுறாங்க. உங்களுக்கு எப்படி வரும்னு என்னால சொல்ல முடியல.”

“உறை போட்டிருந்தா தாங்கியிருக்குமா?”

“தாங்கியிருக்கலாம். போட்டும் பல்லு உடைஞ்சவங்க இருக்காங்க. நானும் ரெண்டாந்தடவை ரொம்பவே கழுவிட்டேன்.”

“அப்பக் கழுவாமலே விட்டிருந்தா?”

“போன வருஷமே பிடுங்கியிருக்கணும் சார்.”

யார் மேலாவது கோபப்பட முடிந்தால் தேவலை என்று அருள்நாதனுக்கு இருந்தது. டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பாவம், அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? தன்னையே திட்டிக்கொள்ளலாமென்றால் அதற்கும் அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

டாக்டர் மரப்பு ஊசியை எடுத்தார். அருள்நாதன் வாயைத் திறந்தார்.