போடிச் சந்தையில் இருந்த என் வீடு

மதுரையில் காலை ஆறரைக்குப் போடி பாசஞ்சரில் ஏறினேன். தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் ரயில் இது. ஆண்டிபட்டிக் கணவாயில் அது மூச்சு வாங்குவதைப் பார்த்தால் இறங்கி நடந்துவிடலாம் போலிருக்கும். மற்ற வருடங்களில் இந்த ஆமை வேகம் எனக்குப் பிடித்தமானதுதான். இந்த முறை தேனி வருவதற்குள் நாலு தடவை எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டேன். மடியில் ஒரு சுங்குடிச் சேலை, செய்தித்தாளில் சுற்றியது. இருபது நாளைக்கு முன்பு அதே செய்தித்தாளில்தான் நாலு வரி படித்தேன்: போடிச் சந்தை தீயில் எரிந்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் மாசி மாதத்து முதல் ஞாயிறு நான் போடிக்குப் போவேன். சந்தையில் காதர் ராவுத்தரின் வெற்றிலைக் கடை வாசலில் என் தங்கை பாக்கியம் நிற்பாள். ஏலத்தோட்டத்தில் வேலை செய்த முருகனோடு அவள் போய்விட்டதும், தான் உயிரோடு இருக்கும்வரை அவள் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் சந்தையில் சந்தித்தோம். பரோட்டா வாங்கிக் கொடுப்பேன், சேலையைக் கொடுப்பேன், மூன்று மணி போடிமெட்டு ஜீப்பில் ஏற்றிவிடுவேன். பதினோரு வருடம் இப்படியே ஓடிற்று. அப்பா இறந்தே ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகும் நான் அவளை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. தெரு என்ன சொல்லுமோ என்ற பயம்தான், வேறு காரணம் கிடையாது. சந்தை இருந்தது எனக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது.

மலையில் எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்றுகூட நான் கேட்டதில்லை. கடிதம் எழுதினால் ராவுத்தர் கடைக்குத்தான் எழுதுவேன். அவர் வாங்கி வைத்து, அவள் இறங்கி வரும் ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டுவார். கடையே போய்விட்டால் என் தங்கையை நான் எங்கே போய்த் தேடுவேன்?

பத்தேகாலுக்குச் சந்தைக்குள் நுழைந்தேன். தகரங்கள் வாழைச் சருகு மாதிரி சுருண்டு கிடந்தன. இருபது நாள் கழிந்தும் மிளகாய்க் கமறல் போகவில்லை, தொண்டையைப் பிடித்தது. கறுத்த தரையில் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒருவர் முன்னாலும் சரக்கு இல்லை. வெறும் கோணியை விரித்து, அதன்மேல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ராவுத்தரும் தன் பழைய இடத்திலேயே இருந்தார்.

"யேவாரமெல்லாம் பஸ் ஸ்டாண்டு ரோட்டுக்குப் போயிருச்சு சார். ஞாயித்துக்கெழம மட்டும் பதினோரு மணி வரைக்கும் இங்ஙன வந்து ஒக்காந்துக்கிருவோம். மலைச் சனத்துக்கு எடந்தான் தெரியும். எடத்துல ஆளு இல்லேன்னா தெகச்சுப் போயிருவாக."

"பாக்கியம் வந்தாளா?"

"தீப்பிடிச்ச பெறகு வரவே இல்ல. உங்க லெட்டரு வந்திருந்தாலும் வெந்து போயிருக்கும். மிளகா மண்டியில தீ ஏறுனதும் கமறல்ல ஒரு பய கிட்ட நெருங்க முடியல."

"எந்தத் தோட்டம்னு உங்களுக்குத் தெரியுமா?"

ராவுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?" என்றார். கேலியாகக் கேட்டிருந்தால் தேவலை. அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

பதினோரு மணிக்கு ஒவ்வொருவராகக் கோணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவள் வரவில்லை. அவ்வளவு பெரிய சந்தையில் நானும் இரண்டு நாய்களும் மிஞ்சினோம். இத்தனை வருடத்தில் அன்றுதான் போடி எனக்கு அயலூராகத் தெரிந்தது.

பதினொன்றரைக்கு ஜீப். போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், மூன்று ரூபாய். பதினாலு பேரை அடைத்த பிறகும் டிரைவருக்கு மனம் ஆறவில்லை, முந்தலில் இன்னும் மூவரை ஏற்றினார். அங்கிருந்து மலை தொடங்குகிறது, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்.

"எந்த எஸ்டேட்டுண்ணே?" என்று டிரைவர் கேட்டார்.

"மெட்டுல விசாரிக்கணும்."

"யாரைப் பாக்கப் போறீக?"

"தங்கச்சிய."

பக்கத்தில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மீதி வளைவு முழுக்க நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மணிக்குப் போடிமெட்டு. நல்ல குளிர். டீக்கடை வைத்திருந்த ஏலியம்மா மலையாளத்தைத் தமிழில் கலந்து பேசினார். டீ முப்பது பைசா.

"பாக்கியமோ? இவிடெ ஏழெட்டுப் பாக்கியம் உண்டு சாரே."

"புருசன் பேரு முருகன்."

"முருகன் அதுக்கு மேல உண்டு."

வேறு என்ன அடையாளம் சொல்வது? காகிதத்தைப் பிரித்துச் சேலையைக் காட்டினேன். சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ஏலியம்மாவின் முகம் மலர்ந்தது.

"நம்ம மதுரைக்காரியா! வருசா வருசம் மதுரைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயி சுங்குடி கட்டிட்டு வருமே! அண்ணன் வீட்டுல கறிச்சோறு, அண்ணன் வீட்டுல ஃபேனுன்னு ஒரு மாசத்துக்கு அதே வர்த்தமானம், அதே பேச்சு. நீங்களா அந்த அண்ணன்?"

நான்தான் என்றேன்.

"பின்னே ஒண்ணு கேக்கட்டே? உங்க வீடு தீப்பிடிச்சது நெசமா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். ஏலக்காயை விறகு மூட்டி உலர்த்தும் கூடத்தை இங்கே ஸ்டோர் என்கிறார்கள். தை மாதம் எங்காவது ஒரு ஸ்டோர் புகைந்துகொண்டேதான் இருக்கும். அன்று கீழே புகை எழுந்ததும், எவனோ காயைக் கருகவிட்டுவிட்டான் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பாக்கியமும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். பிறகு ஒரு ஜீப் வந்து, எரிவது சந்தை என்று சொல்லியிருக்கிறது.

"அந்தக் கல்லுமேல ஒக்காந்து ஒரே கரச்சல், அப்படியொரு அழுகை. 'எங்கண்ணன் வீடு போச்சே, எங்கண்ணன் வீடு போச்சே'ன்னு. எரியறது போடி, அண்ணன் வீடு மதுரையில, உனக்கென்ன பைத்தியமான்னு கேட்டோம். பின்னேயும் அதையேதான் சொல்லி அழுதுச்சு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வழி கேட்டேன்.

தோண்டிமலை வழியில் நாலு கிலோமீட்டர் நடந்து அவளுடைய லயத்துக்குப் போனபோது மணி இரண்டேகால். நீளமான ஒரே கட்டடத்தில் எட்டு வீடுகள், அவளுடையது கடைசி. வாசலில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள். ஓடி வரவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கடை இல்லையேண்ணே. எந்த வாசல்ல வந்து நிக்கிறதுன்னு தெரியல. அதான் வரல."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் இருபத்தாறு கிலோமீட்டர் மலையேறினேன் போலிருக்கிறது. அங்கே போனதும் அது வாயில் வரவில்லை. "சித்திரை லீவுக்கு வீட்டுக்கு வா. முருகனையும் கூட்டிட்டு வா" என்றேன். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் என் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் எழுதினேன். அப்பா போனபின் நான் குடிபோன வீடு, அவள் பார்த்ததில்லை. படிக்கத் தெரியாதவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, வாசல்ல என்ன மரம் நிக்கிது? நான் இவுககிட்ட முருங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"முருங்கைதான்" என்றேன்.

நாலரை மணி ஜீப்பில் மலை இறங்கினேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற முந்தலில் வண்டி நின்றது. ஒரு தோட்டத்து வேலியோரம் முருங்கை இருந்தது. கையளவு தடிமனில் ஒரு கொம்பு கேட்டேன். தோட்டக்காரர் காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தார். "மதுரையில முருங்க கெடைக்காதா?" என்று டிரைவர் சிரித்தார்.

ரயிலில் என் பெட்டியில் வேறு யாரும் இல்லை. வரும்போது சேலை இருந்த மடியில் இப்போது கொம்பு கிடந்தது. என் வீட்டு வாசலில் ஒரு மரமும் இல்லை. சித்திரைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.