ஏகாதசித் தாளின் பின்பக்கம்

நோயாளி வீட்டுக்குள் நுழைந்ததும் லூர்துராணி முதலில் தேடுவது தினசரி நாள்காட்டியைத்தான். மேலப்புதூர்க்காரர். பதினெட்டு வயதில் நோயாளி பராமரிப்புப் பயிற்சி முடித்தவர். ஐம்பது வருடமாக அடுத்தவர் வீட்டுக் கட்டிலோரம் நிற்கிறார். அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் காய்ச்சல், கட்டு, சாப்பாடு என்று எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார். நோட்டு வாங்கித் தரட்டுமா என்று கேட்டால், "நோட்டுல தேதியை நாமதான் போடணும். இதுல அச்சடிச்சே இருக்கு" என்பார்.

அந்த மார்கழியில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வெள்ளையம்மாளைப் பார்த்துக்கொண்டார். குடலிறக்கத்துக்கு அறுவை செய்து, வயிற்றுக்குள் புதுவிதமான வலை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் முருகானந்தம். அந்த வலையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர். இருநூறு பேருக்கு வைத்தேன், ஒருவருக்கும் சீழ் பிடிக்கவில்லை என்று மேடைதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாளுக்கோ ஒன்பதாம் நாளே சீழ். ஒரு மாதமாகியும் நிற்கவில்லை.

"கட்டு மாத்துற அம்மாவுக்குக் கை சுத்தம் பத்தல. திங்கட்கிழமை திறந்து வேற வலை வெச்சிடலாம்" என்றார் டாக்டர்.

வெள்ளையம்மாளின் மகள் விஜயராணி அதைத் தயங்கித் தயங்கி வந்து சொன்னாள். லூர்துராணிக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இன்னொரு முறை அதே டாக்டர் கையில் வயிற்றைக் கொடுத்தால் வெள்ளையம்மாள் தாங்கமாட்டார்.

"என் கை கிடக்கட்டும். ஆஸ்பத்திரி ஃபைல் நகல் கேட்டு வாங்கிட்டு வா. கேட்டா குடுத்துத்தான் ஆகணும்."

ஃபைல் வந்தது. விஜயராணி தமிழாக்கிப் படித்தாள்: "பன்னிரண்டாம் நாள், நோயாளி நேரில் வந்தார். காயம் நன்றாக உலர்ந்திருக்கிறது."

லூர்துராணி கம்பியிலிருந்து அந்தத் தேதித் தாளை உருவினார். முன்பக்கம் வைகுண்ட ஏகாதசி என்று போட்டிருந்தது.

"ஏண்டி விஜயா, அன்னிக்கு உங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

"என்னம்மா நீங்க! சொர்க்கவாசல் அன்னிக்கு நம்ம தெருவுல சைக்கிளைக்கூட விடலயே!"

"பெருமாளோட பல்லக்குல ஏறிப் போயிருப்பேன்" என்றார் வெள்ளையம்மாள், படுத்தபடியே.

தாளின் பின்பக்கத்தில் இருந்தது: 'காய்ச்சல் 102. சீழ். மூன்று கட்டு. ஆட்டோ உள்ளே வராது.'

மறுநாள் காலை மூவரும் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அறுவை டாக்டர் பானுப்ரியா ஃபைலையும் தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கட்கிழமை அங்க போகாதீங்க. இப்பவே அட்மிட் ஆயிடுங்க."

வலையை எடுத்தபின்தான் காய்ச்சல் இறங்கியது. பானுப்ரியா எழுதிய புகாரில் விசாரணை நடந்தது. மற்ற நோயாளிகளையும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். முருகானந்தத்தின் ஆஸ்பத்திரியில் யாரையும் பார்க்காமலே நாள்களை மட்டும் எண்ணி, உலர்ந்தது உலர்ந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். முருகானந்தம் கத்தி பிடிக்கத் தடை வந்தது. கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் கம்பியைக் கேட்டபோது லூர்துராணி ஜெராக்ஸ்தான் கொடுத்தார்.

பங்குனியில் வெள்ளையம்மாள் வாசல்வரை தானே நடந்தார்.

"அம்மா, அன்னிக்கு உங்க கையைப் பத்தி வந்து சொன்னேனே…" என்று இழுத்தாள் விஜயராணி.

"கையை விடு, காபியைப் போடு."

காபி வருவதற்குள் அன்றைய தாளைக் கிழித்து எழுதினார்: 'காய்ச்சல் இல்லை. கட்டு இல்லை. நான்கு இட்லி. நாளை முதல் நான் வரவேண்டாம்.' கம்பியில் குத்தினார்.