ஆக்னஸுக்கு இரண்டு விண்ணேற்றம்

எங்கள் கோவில் பங்கில் ஆக்னஸ் வாவ்ராவுக்கு மட்டும் ஆண்டவர் வருஷத்துக்கு இரண்டு முறை விண்ணேறினார். வியாழனன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம், நெப்ராஸ்காவின் ஒமாஹாவில். ஞாயிறன்று இந்தப் பக்கம், அயோவாவில், எங்கள் கோவிலில்.

எல்லாம் ஆயர்கள் செய்த வேலை. வாரநாளில் ஜனங்கள் பூசைக்கு வருவதில்லை என்று அயோவா ஆயர்கள், இயேசு உயிர்த்த நாற்பதாம் நாள், வியாழனன்று, வரும் விண்ணேற்றப் பெருவிழாவை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவிட்டார்கள். நெப்ராஸ்காக்காரர்கள் வியாழனை விடவில்லை. நடுவில் ஒரு பாலம், அவ்வளவுதான். எனக்கு இதில் அன்றும் கோபம், இன்றும் கோபம். ஆண்டவர் ஏறிய நாளையுமா நம் வசதிக்கு மாற்றுவது?

கோபப்பட வேண்டிய ஆக்னஸ் கோபப்படவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மக்ரோனி அள்ளிப் போட்டவள். எதற்கும் பதறமாட்டாள்.

அவள் கணவர் மைலோ, கார் மெக்கானிக். கோவில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஆனால் அவர்களுடைய ஒரே மகன் டாமி, சின்ன வயதிலேயே, ஒரு விண்ணேற்ற வியாழனன்று காய்ச்சலில் போய்விட்டான். "வருஷா வருஷம் இந்த நாள்ல கோவிலுக்கு வந்து உன்ன நெனைப்பேன்டா" என்று மைலோ அவன் காதில் சொன்னாராம். அந்த ஒரு நாள் மட்டும் தவறமாட்டார்.

நாள் மாறியபோது ஆக்னஸ் கேட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டாங்க. வர்றியா மைலோ?"

"நான் பையன்கிட்ட வியாழக்கெழமைன்னு சொல்லியிருக்கேன். ஆயர் வேணா மாத்திக்கட்டும்."

அன்றிலிருந்து வியாழனன்று இருவரும் பாலம் தாண்டிப் போவார்கள். ஞாயிறன்று அவள் மட்டும் வந்து என் வரிசையில் உட்காருவாள், நடுவில் ஓர் இடம் விட்டு. நான் அங்கே என் கைப்பையை வைத்தால் எடுத்து என் மடியில் போடுவாள்.

"வைக்காதடி வெல்மா. அது மைலோ எடம்."

"அவரு வந்துட்டாலும்!" என்பேன். எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன், பாவி.

இந்த வருஷம் விண்ணேற்றத்துக்கு முந்தின நாள் படியில் வழுக்கி அவள் இடுப்பெலும்பு முறிந்தது. வியாழன் முழுக்க மைலோ ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். நானும் போயிருந்தேன்.

"நீ பூசைக்குப் போயிட்டு வா மைலோ" என்றாள்.

"உன்ன இப்பிடி விட்டுட்டா? பேசாம படு."

சாயங்காலம் ஒமாஹாவில் கடைசிப் பூசையும் முடிந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "பையனுக்குக் குடுத்த வாக்கு போச்சு ஆக்னஸ்."

"நம்ம பக்கம் ஆண்டவர் இன்னும் ஏறலியே மைலோ. ஞாயித்துக்கெழமதான ஏறுறாரு."



ஞாயிறன்று அவள் இல்லாத தைரியத்தில் பையை அந்த இடத்திலேயே வைத்தேன். முதல் வாசகம் தொடங்கும்போது யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். மைலோ. கழுத்தில் டை, நகக்கண்ணில் கிரீஸ்.

"பைய எடு வெல்மா. அது என் எடம்."

பூசை முழுக்க எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. முடிந்ததும் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டையைப் பார்த்ததுமே ஆக்னஸுக்குப் புரிந்துவிட்டது.

"பையன் என்ன சொன்னான்?"

"மூணு நாளாக் காத்துக்கிட்டு இருந்திருக்கான். கோச்சுக்கல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அடுத்த ஞாயிறும் போவியா?"

"போகாம? நீ எந்திரிச்சு வர்ற வரைக்கும் உன் எடத்த யாரு பாத்துக்கறது? இவ பைய வெச்சிருவா."