வெளியே தெரியக்கூடாது என்று நான் கேட்ட ஜெபம்

என் மகன் கஞ்சாவோடு பிடிபட்டான் என்று முன்பின் தெரியாத ஒருவன் போனில் சொன்னான். நான் நம்பினேன்.

என் வெட்கம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. போன பணத்தைப் பற்றிக்கூட இப்போது அவ்வளவாக நினைப்பதில்லை. நம்பினேனே, அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. ஆண்டவரின் பிள்ளைகளாகிய உங்கள் முன் இதை மறைக்காமல் சொல்லும் பெலனை அவரே தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் பழைய தங்கச் சுரங்கப் பகுதியான பாலகாட்டில் இருக்கிறோம். நான் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருஷமாகச் சபைக் கமிட்டியில் இருக்கிறேன். வாலிபர் கூட்டத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எட்வின் எங்கள் ஒரே பிள்ளை. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போவான், இருட்டிய பிறகு திரும்புவான். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதை நிறுத்தினான். தலைமுடியை வளர்த்தான். காதில் சின்னதாக ஒரு கடுக்கன் போட்டுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அவனிடம் நேராகப் பேசுவதை விட்டேன். "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று என் மனைவி சுகந்தியிடம் சொல்வேன். அவன் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை. சுகந்தியின் தங்கைக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவள் பேத்தமங்களாவுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் போன் அடித்தது. போலீஸ் தொப்பி போட்ட ஒருவரின் படம் திரையில் தெரிந்தது.

"நிம்ம மக எல்லி?" என்று கன்னடத்தில் அதட்டலாகக் கேட்டான். உங்கள் மகன் எங்கே என்று.

"எட்வினா சார்? வேலைக்குப் போயிருக்கான் சார். பெங்களூருக்கு, டிரெயின்ல" என்று தமிழும் கன்னடமும் கலந்து சொன்னேன்.

உடனே அவனும் தமிழுக்கு மாறினான். "ஆ, எட்வின்தான். டிரெயின்லதான் புடிச்சோம். பேக்ல கஞ்சா. கூட இருந்த பசங்களையும் புடிச்சாச்சு. உங்க பையன்கிட்ட பேசறீங்களா?"

பிறகு ஓர் அழுகைச் சத்தம். யாரோ அடிப்பது போலவும் கேட்டது. "அப்பா, அப்பா, காப்பாத்துங்கப்பா" என்று ஒரு வாலிபனின் குரல் கதறியது. அதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் என்னை நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல தகப்பன் என்ன சொல்லியிருப்பான்? என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று சொல்லியிருப்பான். எந்த ஸ்டேஷன், உங்கள் பெயர் என்ன என்று கேட்டிருப்பான். நான் கேட்டது இதுதான்: "சார், இது வெளிய தெரியாம முடிக்க முடியுமா சார்?"

அவன் காத்திருந்தது அதற்குத்தான் போலிருக்கிறது. கேஸ் எழுதுவதற்கு முன் பணம் வந்தால் விட்டுவிடலாம் என்றான். போனைக் கட் பண்ணக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் உடனே கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றான். என் கணக்கில் இருந்ததை அவன் சொன்ன எண்ணுக்குப் போனிலேயே அனுப்பினேன். போதாது, மேலதிகாரிக்கும் கொடுக்க வேண்டும் என்றான். இனி என்னிடம் இல்லை என்றேன். "வீட்ல நகை இல்லையா?" என்று கேட்டான்.

பீரோவைத் திறந்து சுகந்தியின் வளையல்களை எடுத்தேன். எட்வினுக்கு வரப்போகும் மனைவிக்குப் போடுவதற்கென்று அவள் எடுத்து வைத்திருந்தவை. துண்டில் சுற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோ ஏறினேன். போன் சட்டைப் பையில், கட் ஆகாமல் ஸ்பீக்கரில் இருந்தது. நெஞ்சுக்குப் பக்கத்தில் அவன் மூச்சு விடுவது போலவே இருந்தது.

ஆட்டோவில் கண்ணை மூடி ஜெபித்தேன். அந்த ஜெபத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, இது வெளியே தெரியக் கூடாது. சபையில் என் தலை குனியக் கூடாது." அவ்வளவுதான். போலீஸ் அடிக்கிறான் என்று நான் நம்பிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் பிள்ளைக்காக ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை.

பஜாரில் கோமளா என்ற அம்மாவின் அடகுக் கடை. அவர்கள் குடும்பம் கோவில் திருவிழாவுக்கெல்லாம் முன்னால் நிற்கும் குடும்பம். சுகந்திக்குப் பல வருஷப் பழக்கம். கடையில் இன்னும் சிலர் இருந்தார்கள். நான் துண்டை அவிழ்த்து வளையல்களை மேஜைமேல் வைத்தேன்.

கோமளா அவற்றைத் தொடவில்லை. "இன்னா அண்ணே, அக்கா வர்லியா?"

"பேத்தமங்களா போயிருக்கா. அவசரம்மா, சீக்கிரம் பாரு."

"அக்காவோட வளையலாச்சே. ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துக்கறேன்."

"எம் பொண்டாட்டி வளையலுக்கு உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி அவர் பார்த்ததில்லை.

அப்போது என் பையிலிருந்து அவன் பேசினான். "யார் அது? யாருகிட்ட பேசறே? வேற கடைக்குப் போ!"

கடையில் இருந்த எல்லாரும் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். கோமளா மெதுவாக, "யாரு அண்ணே, பாக்கெட்ல?" என்று கேட்டார். அவர் தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியே சுகந்தியைக் கூப்பிட்டார்.

வெளியே தெரியக்கூடாது என்று ஆண்டவரைக் கேட்டேன் அல்லவா? பஜார் நடுவில், பட்டப்பகலில், தெரியாதவர்கள் முன்னால் என் வாயாலேயே சொல்ல வைத்தார்.

"எட்வின போலீஸ் புடிச்சிட்டாங்க. கஞ்சாவாம்" என்றேன்.

சுகந்தி யோசிக்கவே இல்லை. "எம் புள்ளையா? யார் சொன்னது உங்களுக்கு?"

"போன்ல அழுதான் சுகந்தி. நானே கேட்டேன்."

"அது எம் புள்ள இல்ல. வளையல உள்ள வைங்க. அங்கியே இருங்க, நான் அவனுக்குப் போன் பண்றேன்."

அவள் போனை வைத்ததும் கோமளா கையை நீட்டினார். என் பையிலிருந்த போனை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை அணைத்தார். கேஸ், கோர்ட்டு என்று அவன் மிரட்டிக்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கோமளாவின் போன் அடித்தது. என்னிடம் நீட்டினார்.

"நைனா, ஆபீஸ்லதான் இருக்கேன். சாப்ட்டுட்டு இருந்தேன். உனக்கு இன்னா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

என் பிள்ளை வாய் திறந்த நாளிலிருந்து என்னை நைனா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். போனில் அழுத குரல் என்னை அப்பா என்றது. அந்த வித்தியாசம்கூட என் காதில் ஏறவில்லை. எப்படி ஏறும்? அவன் என்னைக் கூப்பிட்டே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கடைப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். கோமளா தண்ணீர் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் எட்வின் சீக்கிரமாக வந்துவிட்டான். சுகந்தியும் வந்திருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன் நின்றான்.

"அவன் எம் பேரைச் சொன்னானா நைனா?"

"இல்ல. நான்தான் சொன்னேன்."

"டிரெயின்ல போறது?"

"அதுவும் நான்தான்."

"எனக்கு ஏன் ஒரு போன் பண்ணல? பக்கத்து வீட்டுப் போன்லயாவது பண்ணியிருக்கலாமே?"

அவன் சுகந்தியைப் பார்த்து, "நம்பிட்டாரும்மா" என்றான். அவ்வளவுதான். நான் அவனுக்குச் செய்ததையே அவன் எனக்குச் செய்தான், என்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொன்னான். ஆனாலும் உடனே போலீஸுக்குச் சொல்லலாம், அனுப்பிய பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லிக் கிளம்பினான். நான் தடுத்தேன். "வேணாம். ஸ்டேஷனுக்குப் போனா சபைல தெரிஞ்சிடும்" என்றேன். அத்தனைக்குப் பிறகும் அப்படிச் சொன்னேன். மறுநாள் அவன் லீவு போட்டு என்னை அழைத்துப் போனான். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் கண் முன்னாலேயே புகாரைப் பதிவு செய்தார். "நேத்தே வந்திருக்கக் கூடாதா பெரியவரே? இப்ப பணம் வேற எங்கியோ போயிருக்கும்" என்றார். போய்த்தான் இருந்தது. இன்று வரை வரவில்லை. திருடன் எடுத்தது பாதி, என் வெட்கம் எடுத்தது பாதி என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு என் ஜெபம் மாறியது. முழங்காலில் நின்றால் என் பெயர், என் மானம் என்று எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளை என்னோடு பேச வேண்டும்" என்று மட்டும் கேட்டேன். பல வாரம் பதில் இல்லை. அவன் மரியாதையாக இருந்தான், ஆனால் விலகி இருந்தான். ஒரு நாள் விடியற்காலையில் நானும் கிளம்பி அவனோடு மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பிளாட்பாரத்தில் வேலைக்குப் போகும் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் நடுவில், "எட்வின், உன்ன நான் தப்பா நெனச்சேன். அவன் போன் பண்றதுக்கு முன்னாடியே நெனச்சிட்டேன். மன்னிச்சிடு" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "சரி நைனா. எல்லாரும் பாக்கறாங்க" என்றான். பிறகு, "டீ குடிச்சியா?" என்று கேட்டான். ரயில் கிளம்பும் வரை நாங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று டீ குடித்தோம். அவன் ஆபீஸைப் பற்றி, அவனுக்கு மேலே இருக்கும் பெண் அதிகாரியைப் பற்றி, ரயிலில் கிடைக்காத இடத்தைப் பற்றி என்னவெல்லாமோ சொன்னான். எனக்கு அது அப்பமும் திராட்சரசமும் போல இருந்தது. கடுக்கன் இன்னும் காதில்தான் இருக்கிறது. ஆராதனைக்கு எப்போதாவதுதான் வருகிறான். அதை நான் ஆண்டவரிடம் விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்பார்த்தபடியே தலை குனிந்தது. ஆனால் கூட்டம் முடிந்ததும் ஒரு விதவைச் சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டார். கரண்ட் பில் கட்டவில்லை என்று வந்த போனை நம்பித் தன் பென்ஷனை இழந்ததாகச் சொன்னார். மகள்களிடம்கூடச் சொல்லாமல் வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். நம் சபைக்குள்ளேயே எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சில மாதம் கழித்து ஒரு நாள், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சகோதரர் தாமோதரன் செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தார். கையில் போன். அதில் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணே, எம் பொண்ண புடிச்சிட்டாங்களாம். யார்கிட்டயும் சொல்லாதன்னான். உங்க சாட்சி ஞாபகம் வந்துச்சு, வந்துட்டேன்" என்றார்.

அவர் கையிலிருந்து போனை வாங்கிக் கட் பண்ணினேன். என் போனைக் கொடுத்து, "பொண்ணுக்குப் பண்ணு" என்றேன். நம்பர் மனப்பாடமாக இருந்தது அவருக்கு. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை பிள்ளைக்காக ஜெபித்தேன்.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு பெண்குரல். "அப்பாவா? கிளாஸ்ல இருக்கேன்பா, இன்னா அவசரம்?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வயதான நாங்கள் இருவரும் குழந்தைகளைப் போல அழுதோம், சிரித்தோம், கர்த்தரைத் துதித்தோம்.

என் முதல் ஜெபத்தில் நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. தந்திருந்தால் வளையலும் போயிருக்கும், பிள்ளையும் போயிருப்பான். அதற்காக அவருக்கு என் வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்வேன்.

பிரியமானவர்களே, யாருக்கும் சொல்லாதே என்று ஒரு குரல் உங்களை மிரட்டினால், அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்லுங்கள். எந்த அதிகாரியும் போனில் பணம் கேட்டுப் பிள்ளையை விடுவதில்லை. போனை வைத்துவிட்டு முதலில் உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பணம் அனுப்பிவிட்டீர்களா, அன்றைக்கே போய்ப் புகார் கொடுங்கள், என்னைப் போல ஓர் இரவு மானத்தைக் காத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆண்டவரை நம்புகிறவர்கள் அவர் கொடுத்த பிள்ளைகளையும் கொஞ்சம் நம்ப வேண்டும். துணை வேண்டுமென்றால் பாலகாட்டில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் திறப்பேன், எவ்வளவு ஏமாந்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.