குளம்பு வைத்த யானை

இன்பமேரிக்கு யானையை வரையத் தெரியும் என்பதுதான் தொல்லையாகிப் போனது.

சின்னக்கானலுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில், எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு அவளுடையது. அம்மா கொழுந்து எடுக்கிறார். எட்டாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. அப்போதே பென்சில் முனையை ஊசிபோல வைத்திருப்பாள். யாருக்கும் இரவல் தரமாட்டாள். பள்ளி முடிந்தபின் எஸ்டேட்டின் ஃபீல்டு நம்பர் பலகைகளை எழுதினாள். மாதா கோவிலில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசினாள். மாதாவின் நீல அங்கி ஓரத்தில் அவள் இழுத்திருந்த பொன்கோட்டைப் பார்த்துவிட்டுத்தான், சுற்றுலா வந்த ஜிஸ்மி அவளைத் தேடி லயத்துக்கே வந்தார்.

ஜிஸ்மி கொச்சியில் ஒரு பட்டறை நடத்துகிறார். முந்நூறு, நானூறு வருடப் பழைய வரைபடங்களை அங்கே கையால் வரைந்து வண்ணம் தீட்டி நகல் செய்கிறார்கள். கப்பல், இறக்கை முளைத்த குழந்தைகள், கடல் பூதங்கள், எதுவும் விடுபடாது. பின்பக்கம் நகல் என்று முத்திரை இருக்கும். கரையோரக் கோடுகளை விளக்கு வைத்த கண்ணாடி மேசையில் ஒற்றி எடுக்கலாம். உருவங்களை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் வரைய வேண்டும். ஒற்றி எடுத்த உருவத்தில் உயிர் இருக்காது என்பது ஜிஸ்மியின் கட்சி.

வீட்டிலிருந்தே செய்யலாம், மூன்று படங்கள் சோதனை, மூன்றும் தேறினால் நிரந்தர வேலை என்றார். முதல் இரண்டு தேறிவிட்டன. மூன்றாவது மலையாளக் கரையின் படம். கடலோர ஊர்களை நெருக்கி எழுதியவனுக்கு மலைப்பக்கம் எதுவும் தெரியவில்லை போலும். எங்கள் ஊர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு யானையை நிறுத்தியிருந்தான்.

இன்பமேரி வரைந்து அனுப்பினாள். மூன்றாம் நாள் ஜிஸ்மி போன் செய்தார்.

"மேரீ, ஆன கொள்ளாம். நல்ல ஆன. அதா குழப்பம்."

யானை நன்றாக இருந்ததுதான் குறை. அசலில் இருப்பது விறைத்த காலும் ஊதுகுழல் போல வாய் விரிந்த தும்பிக்கையுமாக ஒரு விநோத மிருகம். இன்பமேரி வரைந்ததோ, காலையில் எங்கள் ஓடையில் நீர் குடித்துவிட்டுப் போகும் யானை.

இரண்டாவது தடவை ஜிஸ்மி அனுப்பியிருந்த அசலின் அச்சுப்படியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வரைந்தாள். அப்படி வைத்தால் கைக்கு அது யானை என்றே தெரியாது என்று நினைத்தாள். முன்னங்கால் வந்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் திரும்பியது.

"இனி ஒரு வட்டம் கூடி நோக்காம்" என்றார் ஜிஸ்மி. இன்னும் ஒரே ஒரு முறை.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கெடு. "திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லுன்னு சூப்பர்வைசர் கேட்டுட்டே இருக்காரு. கொழுந்துக்கு ஆள் எடுக்காங்க. இப்ப விட்டா பிறவு எப்பவோ."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறும்மா."

"ஒரு ஆனையத் தப்பா வரையத் தெரியல. பெரிய படிப்பு. கொண்டா, நான் போடுதேன் தப்பா."

அம்மா பென்சிலை வாங்கி, பால் கணக்கு அட்டையின் பின்னால் ஒன்றை வரைந்தார். கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் நெற்றியின் இரட்டை மேடும் முதுகின் வளைவும் அதனதன் இடத்தில் இருந்தன. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சே" என்றார் அம்மா.

சனிக்கிழமை காலை இன்பமேரி லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று அவள் வரையவே இல்லை. யானையின் காலில் நகங்களைத் தேடினாள். நகம் இல்லை, இரண்டாகப் பிளந்த குளம்பு இருந்தது. மூன்று வாரமாகப் பார்த்த கால். முதுகில் நிழல் என்று நினைத்திருந்த சிறு கோடுகள் எல்லாம் மயிர். வால் ஒரு சுற்றுச் சுருண்டிருந்தது.

"யம்மா, இந்த ஆளு ஆனையப் பாத்ததே இல்ல. ஆனா சும்மாவும் போடல. எதையோ முன்னால நிறுத்திவச்சுப் போட்டிருக்கான்."

"எதை?"

அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

ஓடைக்கு அந்தப்பக்கம் பவுல்ராஜ் பன்றி வளர்க்கிறார். கிறிஸ்துமஸுக்கு லயம் முழுக்க அவரிடம்தான் கறி.

"மாமா, ஒங்க பெரிய பன்னியக் கொஞ்சம் பக்கவாட்டுல நிறுத்த முடியுமா?"

"எதுக்குட்டி? கல்யாண போட்டோவா?"

"ஆனை வரையணும்."

பவுல்ராஜ் தவிட்டு வாளியைக் கீழே வைத்தார். "ஆனை வேணும்னா மேட்டுக்குப் போ, அங்கன நிக்கும். இது பன்னி."

"அந்த ஆனை வேண்டாம் மாமா. தப்பான ஆனை வேணும்."

அவள் நீட்டிய அச்சுப்படியை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அப்பம் இந்த வெள்ளைப்பன்னி ஆவாது. இது சீமைப்பன்னி, தின்னுபோட்டு உருண்டு கெடக்கு. இவன் போட்டிருக்கது நாட்டுப்பன்னி. காலப் பாரு, மயிரப் பாரு." கடைசிக் கொட்டிலில் இருந்த கறுப்பை வெளியே விட்டு, முன்னால் மரவள்ளிக்கிழங்கைப் போட்டார்.

அது தின்று முடிப்பதற்குள் இன்பமேரி நான்கு தாள்களை முடித்தாள். வயிறு, தொடை, நிற்கும் விதம் என்று அசலின் ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே ஒரு காரணம் நின்றது. மூக்கின் இடத்தில் மட்டும் நீளமாக ஒரு குழாயை இறக்கினாள். அந்த இடத்தில் அவனும் தயங்கியிருக்கிறான். அசலில் அந்தக் கோடு மட்டும் இரண்டு தடவை இழுக்கப்பட்டிருந்தது.

பவுல்ராஜ் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, எம் பன்னி ஒனக்கு என்ன பாவம் செஞ்சுது?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வண்ணம் போட்டாள். மாலையில் வீடியோ காலில் காட்டினாள். ஜிஸ்மி அசலைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மேரீ, இது ஆனையே அல்லல்லோ."

"அல்ல சேச்சி."

"பாஸ்."

அம்மா போனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பம் சூப்பர்வைசர்ட்ட வேண்டாம்னு சொல்லிரவா?"

"சொல்லிரும்மா."

ஜிஸ்மி இன்னும் போனில்தான் இருந்தார். அடுத்த படத்தில் திமிங்கலம் இருக்கிறதாம். பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

"வேளாங்கண்ணிக்குப் போனப்ப கடல் மட்டும் பாத்தேன் சேச்சி."

"அது மதி." அது போதுமாம். படத்தைப் போனிலேயே அனுப்பிவைத்தார்.

இன்பமேரி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். திமிங்கலத்துக்குத் தொங்கும் காது இருந்தது. கீழுதட்டுக்கு வெளியே இரண்டு பல். மூக்கைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தோல்.

"யம்மா, மேனேஜர் பங்களா நாய் கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள்.